138ஆம் விதியின் 7ஆம் உட்பிரிவை யாரிடம் சொன்னீர்கள்?

பெறுநர்:
மோட்டார் வாகன விதிகளை எழுதும், திருத்தும் அலுவலர்கள்,
மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம்,
புது டெல்லி.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். நான் கேரள எல்லையை ஒட்டிய ஒரு சிறு ஊரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். இரண்டு கார், ஒரு ஸ்கூட்டர், ஒரு தகரக் கொட்டகை, வாசலில் ஒரு கரும்பலகை. இருபது வருடத்துக்கு மேலாக இதுதான் பிழைப்பு. கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாமல் வருகிறவர்களைப் பழக்கி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் எட்டுப் போட வைப்பது என் வேலை. சாலை விதிகளைச் சொல்லிக்கொடுப்பதும் அதில் சேர்த்திதான். எனவே ஒரு விதி எனக்கே தெரியவில்லை என்றால் அது என் தொழிலுக்கு வந்த அவமானம். அப்படி ஓர் அவமானம் எனக்கு நேர்ந்தது. விதியை மாற்றிவிட்டு எங்களுக்கு ஏன் சொல்வதில்லை என்று கேட்கத்தான் இந்த மடல்.

2023 ஜூன் மாதம். என்னிடம் ஸ்கூட்டர் பழக ஒரு நர்ஸ் வந்துகொண்டிருந்தார். அவர் கணவருக்கு மலைக்கு அந்தப் பக்கம், இடுக்கியில், ஏலத்தோட்டத்தில் வேலை. ஒரு நாள் காலையில் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கேட்டார்: "சார், ரெண்டு வயசுப் பிள்ளையை வண்டியில கூட்டிட்டுப் போனா பெல்ட் போட்டுக் கட்டணுமாமே, நெசமா?"

"அது காருக்கும்மா, டூவீலருக்குக் கிடையாது" என்று கொஞ்சம்கூட யோசிக்காமல் சொன்னேன். கேரளத்தில் அந்த மாதம்தான் சாலைகளில் செயற்கை நுண்ணறிவு கேமரா வைத்து அபராதம் போட ஆரம்பித்திருந்தார்கள். அங்கிருந்து தினமும் பத்து விதமான செய்திகள் மலையிறங்கி எங்கள் ஊர் வாட்ஸ்அப்புக்கு வந்துகொண்டிருந்தன. இதுவும் அதில் ஒன்று என்று நினைத்துவிட்டேன். "ஃபார்வர்டை எல்லாம் நம்பாதீங்க" என்று அறிவுரை வேறு சொன்னேன்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு, எதற்கும் பார்த்துவிடுவோம் என்று தேடினேன். அந்த அம்மா கேட்டதுதான் சரி. விதி இருக்கிறது. நடைமுறைக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மறுநாள் அவரிடம் தப்பை ஒப்புக்கொண்டேன். "பரவாயில்லை சார், உங்களுக்கே தெரியலைன்னா எங்களுக்கு எப்படித் தெரியும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துத்தான் சொன்னார், ஆனாலும் அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

நீங்கள் எழுதிய விதியை உங்களுக்கே சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் இந்த மடலைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இல் 138ஆம் விதி, 7ஆம் உட்பிரிவு. நான்கு வயது வரையுள்ள குழந்தையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் சென்றால் ஓட்டுபவரோடு சேர்த்து ஒரு பாதுகாப்புப் பட்டையால் பிணைக்க வேண்டும். குழந்தைக்கு ஒரு சட்டை போல மாட்டி, அதிலிருந்து வரும் வார்களை ஓட்டுபவர் தோளில் மாட்டிக்கொள்ளும் அமைப்பு. 30 கிலோ வரை தாங்க வேண்டும். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு அதன் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் போட வேண்டும். வண்டி மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194டி பிரிவில் 1,000 ரூபாய் அபராதமும், மூன்று மாதம் லைசென்ஸ் இழப்பும் இருக்கின்றன.

நல்ல விதி. அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. எங்கள் ஊரில் சாயங்காலம் பள்ளி விடும் நேரத்தில் கடைவீதியில் நின்று பார்த்தால் தெரியும். ஸ்கூட்டரின் முன்பக்கம் கால் வைக்கும் இடத்தில் குழந்தையை நிற்க வைத்திருப்பார்கள். அது கண்ணாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டே வரும். கொஞ்ச தூரத்தில் தூக்கம் வந்து தலை ஹேண்டில்பார் மேல் சரியும். அப்பா ஒரு கையால் தலையைத் தாங்கிக்கொண்டு இன்னொரு கையால் ஓட்டுவார். இதை நான் இருபது வருடமாகப் பார்க்கிறேன். இப்படி ஒரு பட்டை இருக்கலாமே என்று எனக்குத் தோன்றியதே இல்லை. உங்களில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. அந்த அலுவலரை நேரில் பார்த்தால் கைகொடுப்பேன். ஆனால் அப்புறம் நடந்தது என்ன?

நீங்கள் எந்தக் குறுக்கு வழியிலும் போகவில்லை, அதையும் சொல்ல வேண்டும். 2019இல் சட்டத்தின் 129ஆம் பிரிவைத் திருத்தியபோது, நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பாதுகாப்புக்கு மத்திய அரசு விதி செய்யலாம் என்று நாடாளுமன்றம் இடம் கொடுத்தது. 2021 அக்டோபரில் வரைவை வெளியிட்டீர்கள். ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள் என்று அவகாசம் கொடுத்தீர்கள். 2022 பிப்ரவரி 15 அன்று ஜி.எஸ்.ஆர். 120(இ) என்ற அரசிதழ் எண்ணில் இறுதி அறிவிக்கை வந்தது. உடனே அமலாக்காமல் ஒரு வருடம் தள்ளி, 2023 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தீர்கள். சட்டத்தின் 212ஆம் பிரிவு என்ன கேட்கிறதோ அதெல்லாம் நடந்திருக்கிறது. ஒரு வரி பிசகவில்லை.

அந்த ஒரு வருடம்தான் என்னை உறுத்துகிறது. எதற்காக அந்த ஒரு வருடம்? மக்கள் தெரிந்துகொள்ளவும், பட்டையும் சின்ன ஹெல்மெட்டும் கடைக்கு வரவும்தானே? அந்த ஒரு வருடத்தில் எங்கள் ஊருக்கு ஒரு துண்டுப் பிரசுரம் வரவில்லை. நான் எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்), டெஸ்ட், ரினிவல் என்று வாரத்தில் இரண்டு நாளாவது ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்கிறவன். பல ஊர் ஆபீஸ்களுக்குப் போயிருக்கிறேன். சுவரில் 'இடைத்தரகர்களை நம்பாதீர்' என்ற பலகையைப் பார்த்திருக்கிறேன், குழந்தைப் பட்டையைப் பற்றி ஒரு தாளைப் பார்த்ததில்லை. அந்த நர்ஸ் அம்மாவுக்காகக் கடைவீதியில் விசாரித்தேன். ஹெல்மெட் கடைக்காரர், "குழந்தைக்கா? பொம்மைப் படம் போட்டது இருக்கு, விளையாட வச்சுக்கலாம்" என்றார். பட்டை என்றதும் முழித்தார். கடைசியில் அந்த நர்ஸ் அம்மாவே இணையத்தில் வரவழைத்தார்.

இதே 138ஆம் விதியில்தான், புது டூவீலர் வாங்கும்போது தயாரிப்பாளர் ஒரு ஹெல்மெட் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அந்த ஹெல்மெட் பெட்டிக்குள் ஒரு தாள், குழந்தைப் பட்டையின் படத்தோடு, அந்தந்த மாநில மொழியில் நான்கு வரி போட்டு வைக்கச் சொல்லியிருந்தால் அந்த ஒரு வருடத்தில் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கும்! ஒரே விதியின் இரண்டு உட்பிரிவுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை.

சரி, அறிவிக்கை என்ற அந்தத் தாளைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம். 2015 அக்டோபரிலிருந்து மத்திய அரசிதழை அச்சடிப்பதை நிறுத்திவிட்டு இணையத்தில் மட்டும் வெளியிடுகிறார்கள். நல்லதுதான். முன்பென்றால் அரசிதழ் என்று ஒன்று இருப்பதே வக்கீல் ஆபீஸ் அலமாரியில்தான் தெரியும். இப்போது என் செல்போனிலேயே திறக்கிறது. திறந்து என்ன செய்ய? இந்தியும் ஆங்கிலமும்தான். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாலும் அது சொல்வது இப்படித்தான்: குறிப்பிட்ட விதிகளில், இத்தனையாம் விதியில், இத்தனையாம் உட்பிரிவுக்குப் பிறகு, பின்வருவது சேர்க்கப்படும். வேறு சில நாட்களில், இன்ன உட்கூறில் இன்ன சொற்களுக்குப் பதிலாக இன்ன சொற்கள் என்று போடுவார்கள். பழைய விதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால்தான் என்ன மாறியது என்று பிடிபடும். பழைய விதி எது? அதற்கும் வழி சொல்லியிருப்பீர்கள். கடைசியில் ஒரு குறிப்பு வரும்: மூல விதிகள் 1989 ஜூன் 2 அன்று ஜி.எஸ்.ஆர். 590(இ) என்று வெளியாயின, கடைசியாக இன்ன எண்ணில் திருத்தப்பட்டன. அந்தக் 'கடைசித் திருத்தத்தை' எடுத்தால் அதன் அடியிலும் அதே போல ஒரு குறிப்பு. இப்படியே ஒவ்வொரு படியாக இறங்கினால் 1989 வரை போகலாம். ஒரு தடவை முயன்று பார்த்தேன். நான்காம் படியில் கண் எரிந்தது, போனை வைத்துவிட்டேன்.

பெரிய சட்டத் திருத்தம் வந்தால் நாடாளுமன்றத்தில் சண்டை நடக்கிறது, தொலைக்காட்சியில் விவாதம் ஓடுகிறது, எப்படியாவது காதில் விழுந்துவிடுகிறது. சின்னத் திருத்தத்துக்கு அந்த வசதி கிடையாது. விதிகளை இரு அவைகளிலும் வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, வைக்கிறீர்கள். மேசையில் வைத்த தாளைப் பற்றிக் கேள்வி கேட்டால்தானே செய்தி? அதனால், நம் அன்றாடத்தைத் தொடுவது இந்தச் சின்னத் திருத்தங்கள்தான் என்றாலும், சத்தமே இல்லாமல் வந்துவிடுகின்றன. எட்டாம் வகுப்புப் படித்தால்தான் லாரி, வேன் ஓட்ட லைசென்ஸ் என்ற நிபந்தனை 2019இல் போனது. படிக்காதவர் என்பதற்காகவே ஒதுங்கி நின்ற எத்தனையோ பேருக்கு அது பிழைப்பு. எங்கள் பக்கத்தில் தோட்டத்து ஜீப்பில் கிளீனராக இருந்த ஒருவருக்கு அது தெரியவே இரண்டு வருடம் ஆனது. என் கொட்டகைக்கு டீ குடிக்க வந்தபோது பேச்சுவாக்கில் நான்தான் சொன்னேன்.

விதி மாறியது பொதுமக்களுக்குத் தெரியாமல் இருப்பது ஒரு பக்கம். விதியை அமலாக்க வேண்டியவர்களுக்கே தெரியாமல் இருந்த கதையும் உண்டு. 2017 செப்டம்பரில் தமிழ்நாட்டில் எல்லோரும் அசல் லைசென்ஸைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். பெரிய அமளி. உயர் நீதிமன்றம் வரை போனது. தொலைத்துவிடுவோமோ என்ற பயத்தில் அசலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதைப் பர்ஸில் போட்டு, பர்ஸை உள்பையில் போட்டுத் திரிந்தோம். இத்தனைக்கும் அப்போதிருந்த 139ஆம் விதியில், கையில் ஆவணம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள் சான்றொப்பமிட்ட நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பலாம் என்றே ஒரு வசதி இருந்தது. அதைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்! ஒரு வருடம்தான் ஆனது. 2018 ஆகஸ்டில், ஆவணங்களைச் செல்போனில் வைத்துக்கொள்ள உதவும் டிஜிலாக்கரிலும் எம்பரிவாகன் செயலியிலும் இருப்பதை அசலாகவே ஏற்றுக்கொள்ளுங்கள் என்று மாநிலங்களுக்கு அறிவுரை அனுப்பினீர்கள். நவம்பரில் 139ஆம் விதியையே திருத்திவிட்டீர்கள்.

அந்த டிசம்பரில் என்னிடம் படித்த பையன் ஒருவனை வெளி மாவட்டத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அவன் போனில் லைசென்ஸைக் காட்டினான். "இதெல்லாம் செல்லாது, அசல் எங்கே?" எனக்குப் போன் போட்டான். அதிகாரியிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, விதி மாறிவிட்டது ஐயா என்று பணிவாகத்தான் சொன்னேன். "எங்களுக்கு ஆர்டர் வரலை சார்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. உண்மையிலேயே வந்திருக்காது. ஒரு வருடத்துக்கு முன் அசல் கட்டாயம் என்று ஊர் ஊராக மைக் கட்டிச் சொன்னது அவர் காதில் இருந்தது. அது போய்விட்டது என்று சொல்ல யாரும் மைக் கட்டவில்லை. பையன் பணம் கட்டிவிட்டு வந்தான்.

இங்கே இன்னொரு குழப்பம். உங்கள் அமைச்சகத்திலிருந்து வருவதில் அறிவிக்கை உண்டு, வரைவு உண்டு, மாநிலங்களுக்கு அனுப்பும் அறிவுரை உண்டு, பத்திரிகைக் குறிப்பு உண்டு. எதற்கு எவ்வளவு எடை என்று எங்களுக்குத் தெரியாது. கொரோனா காலத்தில் காலாவதியான லைசென்ஸும் எஃப்.சி. என்கிற வண்டித் தகுதிச் சான்றும் செல்லும் என்று 2020 மார்ச் 30 அன்று அறிவுரை வந்தது. பிறகு அதை நீட்டி, நீட்டி, 2021 அக்டோபர் 31 வரை கொண்டுவந்தீர்கள். மக்கள் கஷ்டம் அறிந்து செய்த வேலை, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நீட்டிப்பும் முந்தையது முடிகிற நேரத்தில் வரும். அந்தக் கடைசி நாட்களில் "இப்போ செல்லுமா, செல்லாதா?" என்று என் போன் ஓயாது அடிக்கும். வரைவு வெளியான அன்றே 'புதிய விதி அமல்' என்று தலைப்புப் போடுகிற செய்தித்தளங்கள் வேறு. வரைவுக்கும் விதிக்கும் வித்தியாசம் தெரியாமல் நாங்களும் அதைப் பரப்புகிறோம்.

தெரியாத இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். 2019 செப்டம்பரில் அபராதத் தொகைகள் ஏறிய சமயத்தில், லுங்கி கட்டி ஓட்டினால் அபராதம், அரைக்கைச் சட்டைக்கு அபராதம், செருப்புப் போட்டால் அபராதம் என்று கிளம்பிவிட்டது. அப்படியெல்லாம் எதுவும் இல்லை என்று அமைச்சர் நிதின் கட்கரியின் அலுவலகமே ட்விட்டரில் மறுக்க வேண்டியதாயிற்று. நானே லுங்கியில் வகுப்பெடுக்கிறவன். என் மாணவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

2024 மே மாதம் நடந்தது அதைவிடப் பெரிது. ஜூன் 1 முதல் லைசென்ஸ் எடுக்க ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கே போக வேண்டாம், டிரைவிங் ஸ்கூலிலேயே டெஸ்ட் என்று நாடு முழுக்கச் செய்தி. ஒரே வாரத்தில் என்னிடம் சேர வந்தவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி, "நீங்களே லைசென்ஸ் கொடுத்துடுவீங்களாமே, எவ்வளவு ஆகும்?" ஜூன் 1 அன்று உங்கள் விளக்கம் வந்தது: அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களைப் பற்றிய 31பி முதல் 31ஜே வரையிலான விதிகள் 2021 ஜூன் 7 அன்று ஜி.எஸ்.ஆர். 394(இ) மூலம் வந்தவை, 2021 ஜூலை 1 முதலே அமலில் இருப்பவை, 2024 ஜூன் 1 அன்று எதுவும் மாறவில்லை. அந்த மையங்களில் பயின்று 5பி படிவத்தில் சான்று பெற்றால்தான் ஓட்டுநர் தேர்வு விலக்கு, எங்களைப் போன்ற சாதாரணப் பள்ளிகள் தரும் 5ஆம் படிவத்துக்கு அந்த விலக்கு கிடையாது. அந்த மையத்துக்கு இலகுரக வாகனம் என்றாலே ஒரு ஏக்கர் நிலம் வேண்டும், வண்டி ஓட்டுவது போலவே பழக்கும் சிமுலேட்டர் இயந்திரம் வேண்டும். என் கொட்டகையில் ஆட்டுக்குட்டி கட்ட இடமில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூன்று வருடமாக அமலில் இருந்த ஒரு விதி, நாடு முழுவதற்கும் 'புதுச் செய்தி'யாக இருந்திருக்கிறது. அதை வதந்தி என்று மறுக்கத்தான் ஆளிருந்தது. 2021இல் அதை ஒழுங்காகச் சொல்லியிருந்தால் மறுப்பதற்கே தேவை இருந்திருக்காது.

ஒன்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது, அபராதத் தொகை. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் உயர்த்தியபோது, ஹெல்மெட் போடாவிட்டால் 1,000, லைசென்ஸ் இல்லாவிட்டால் 5,000 என்று டீக்கடையில்கூட மனப்பாடமாக ஒப்பித்தார்கள். பணம் என்பதால் காதில் ஏறியது என்று சொல்லலாம். பாதி உண்மை. மீதி, காவல்துறை தெருவில் இறங்கிப் பலகை வைத்து, நோட்டீஸ் கொடுத்து, மைக்கில் பேசியது. சொல்ல வேண்டும் என்று நினைத்தால் நம் அரசாங்கத்துக்குச் சொல்லத் தெரியும்.

சொல்லாமல் தண்டிக்கக் கூடாது என்பது உச்ச நீதிமன்றம் 1951இலேயே சொன்னது. ஹர்லா என்பவரின் வழக்கு. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் 1923இல் அபினிச் சட்டம் ஒன்றைத் தீர்மானம் போட்டு நிறைவேற்றினார்கள், எங்கும் வெளியிடவில்லை. அந்தச் சட்டத்தில் ஹர்லாவுக்கு 50 ரூபாய் அபராதம். சட்டம் ஏதாவது ஒரு வழியில் மக்களுக்கு அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது சட்டமாக நடைமுறைக்கு வராது என்று சொல்லி நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. உங்கள் விதிகள் அரசிதழில் வருகின்றன, எனவே சட்டப்படி உங்களை யாரும் கேட்க முடியாது. அதுவும் எனக்குப் புரிகிறது. பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அரசிதழில் வந்துவிட்டாலே விதி முறையாகச் செய்யப்பட்டதற்கு அது முடிவான சான்று என்கிறது. அதனால் இதை நான் வழக்காகக் கொண்டுவரவில்லை, மடலாக எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் தண்டோரா போட்டார்கள். மனிதரைப் பறையடிக்க வைத்து அறிவிக்கும் அந்த வழக்கத்தை 2022இல் தமிழ்நாடு அரசு நிறுத்தச் சொன்னது. ஒலிபெருக்கி கட்டிய வண்டி போதும் என்றது. ரொம்பச் சரி. இன்றைக்கு உங்கள் கையில் அதைவிட வசதியான ஒன்று இருக்கிறது. என் ஒவ்வொரு வண்டி எண்ணோடும் என் செல்போன் எண் பரிவாகன் தளத்தில் பதிந்திருக்கிறது. கேமராவில் சிக்கினால் சலான் எஸ்.எம்.எஸ். தேடி வருகிறது. சலான் வருகிற அதே வழியில், விதி மாறினால் தாய்மொழியில் ஒரு வரி வரக் கூடாதா? 'நான்கு வயதுக்குள் குழந்தை இருக்கிறதா? பிப்ரவரி 15 முதல் பட்டையும் ஹெல்மெட்டும் கட்டாயம்.' இவ்வளவுதான்.

கூடவே ஒன்று. திருத்தம் வெளியாகும் அன்றே, திருத்தம் சேர்க்கப்பட்ட முழு விதியையும் ஒரே பக்கத்தில் போடுங்கள், பழைய வரியும் புதிய வரியும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும்படி. எந்தத் தேதியில் எது மாறியது என்று ஒரு பட்டியல். அது அலுவலகத்தில் எப்படியும் யாரோ ஒருவர் கணினியில் இருக்கத்தான் செய்யும், அது இல்லாமல் நீங்களே அடுத்த திருத்தத்தை எழுத முடியாது. அதை வெளியே போடச் சொல்கிறேன். தேதியும் அப்படித்தான். அவசரமில்லாத சின்ன மாற்றங்களை வருடத்தில் இரண்டு நாளில் மட்டும் அமலாக்கினால் என்ன? ஏப்ரல் 1, அக்டோபர் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்குப் புதுத் துணி எடுப்பது போல, அக்டோபர் வந்தால் புது விதி என்ன என்று நாங்களே கேட்டு வந்துவிடுவோம்.

மொழியைப் பற்றிச் சொன்னால் அரசியல் பேசுகிறேன் என்பீர்கள். ஆனால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை அரசமைப்பின் 8ஆம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்க வேண்டும் என்று 2020 ஜூன் 30 அன்று உத்தரவிட்டது டெல்லி உயர் நீதிமன்றம்தான். விதிகளையும் சேர்த்து, எந்த வரைவையும் எளிய விளக்கத்தோடு குறைந்தது 30 நாள் மக்கள் முன் வைக்க வேண்டும் என்று 2014இல் முடிவெடுத்ததும் மத்திய அரசுதான். என் கோரிக்கையில் புதிதாக எதுவும் இல்லை.

வரைவு தமிழில் வந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். ஒரு கேள்வியாவது முன்பே வந்திருக்கும். சட்டத்தின் 128ஆம் பிரிவு, இருசக்கர வண்டியில் ஓட்டுபவரைத் தவிர ஒருவரைத்தான் ஏற்றலாம் என்கிறது. குழந்தைப் பட்டை விதியோ குழந்தையை ஓட்டுபவரோடு பிணைக்கச் சொல்கிறது. எங்கள் ஊரில் இரண்டு வயதுப் பிள்ளை அப்பாவோடு தனியாக எங்கே போகும்? ஆஸ்பத்திரிக்கானாலும் கோயிலுக்கானாலும் அம்மா பின்னால் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டுதான் போவாள். அப்போது குழந்தை மூன்றாவது ஆளா? அது குற்றமா? அப்பா முதுகோடு கட்ட வேண்டுமா, அம்மா மடியில் இருந்தால் போதுமா? 2023இல் கேரளத்தில் கேமரா வந்ததும் முதலில் எழுந்தது இந்தக் கேள்விதான். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தை மூன்றாவதாகப் போனால் இப்போதைக்கு அபராதம் வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டு, அந்த மாநில அரசு உங்களுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. 2021 அக்டோபரில் அந்த வரைவு எங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸ் சுவரில் தமிழில் ஒட்டியிருந்தால், எல்.எல்.ஆர். போட வந்த ஏதாவது ஒரு தாய் அரை நிமிடத்தில் இதைக் கேட்டிருப்பாள். 'வந்த ஆட்சேபணைகள் பரிசீலிக்கப்பட்டன' என்று இறுதி அறிவிக்கைகளில் ஒரு வரி போடுகிறீர்கள். என்ன ஆட்சேபணை வந்தது, ஏன் ஏற்கவில்லை என்று அதற்குக் கீழே ஒரு பத்தி போட்டால், கேட்டது வீண் போகவில்லை என்று எங்களுக்கும் தெரியும்.

என் பள்ளி வாசலில் இருக்கும் கரும்பலகையில் இப்போது கட்டண விவரம் எழுதியிருக்கிறேன். அதில் பாதியை உங்களுக்கு ஒதுக்கத் தயார். மாதா மாதம் 1ஆம் தேதி, அந்த மாதம் மாறிய விதியை நான்கு வரித் தமிழில் அனுப்புங்கள், என் கையெழுத்தில் எழுதி வைக்கிறேன். நான் கேட்டுப் பார்த்த மற்ற பள்ளிக்காரர்களும் சரி என்றே சொல்கிறார்கள். சுண்ணாம்புக்கட்டி செலவு எங்களுடையது.

அந்த நர்ஸ் அம்மா லைசென்ஸ் வாங்கி ஸ்கூட்டரும் வாங்கிவிட்டார். பட்டை கட்டித்தான் பிள்ளையைக் கூட்டிப் போகிறார், கடைவீதியில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். போன வாரம் எதிரே வந்தபோது வண்டியை ஓரங்கட்டிக் கேட்டார்: "சார், ஞாயித்துக்கிழமை இவங்கப்பா ஓட்டுறப்ப நானும் பின்னாடி உட்காருறேனே, அப்ப பட்டையை யாரு மாட்டணும்? மூணு பேருன்னு பிடிப்பாங்களா?" விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஆசிரியர்